செம்புச் சுரங்கமும் மக்காச்சோளக் கொல்லையும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மத்தியப் பகுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே தள்ளிய மேட்டு நிலத்தில், காங்கோ நாட்டின் எல்லையை ஒட்டி, கிட்வே, லுவான்ஷா, முஃபுலிரா, சிங்கோலா, இண்டோலா முதலிய நகரங்கள் அமைந்துள்ளன. ஸாம்பியா நாட்டின் செம்பு வட்டாரம் என்பது இதுவே. இங்கிருந்து ரயிலிலும் லாரியிலும் ஏற்றுமதியாகும் சரக்கு பெரும்பாலும் ஒரே வகையினது. ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமும், 99.99 சதவிகிதத் தூய்மையும் உடைய செம்புத் தகடுகளே அவை. எதிர்த் திசையில் வந்து இறங்கும் சரக்குகளோ பல வகையின. துளைக் கருவிகள், அரைவை ஆலைகளுக்கான எஃகு உருண்டைகள், ராட்சத லாரிகளின் டயர்கள், இரசாயனப் பொருள்கள், டீசல் எண்ணெய் என அந்தப் பட்டியல் நீளும். ஒன்று போகிறது, நூறு வருகின்றன. இவ்வாறு வரும் நூறில் எத்தனையை அந்நாட்டிலேயே செய்துகொள்ள முடியும் என்பதும், போகும் ஒன்றை மேலும் பதப்படுத்தி அனுப்ப முடியுமா என்பதும், அந்நாட்டு அரசாங்கங்கள் அறுபது ஆண்டுகளாக விடை தேடிவரும் வினாக்கள் ஆகும்.

தொழில்களுக்கு இடையேயுள்ள இத்தகைய பிணைப்புகளை வகைப்படுத்திப் பெயரிட்டவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளாதார நிபுணர். ஒரு தொழில் தனக்கு வேண்டிய பொருள்களைப் பிற தொழில்களிடம் வாங்குவதால் உண்டாகும் தூண்டுதலைப் பின்னோக்கிய பிணைப்பு என்றும், தன் விளைபொருளைப் பிற தொழில்களுக்கு மூலப்பொருளாகக் கொடுப்பதால் உண்டாகும் தூண்டுதலை முன்னோக்கிய பிணைப்பு என்றும் 1958ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார். தறி நூலைக் கேட்பது முதல் வகை. நெய்த துணி தையற்காரரிடம் போவது இரண்டாம் வகை. அரசாங்கத்துக்குக் கிடைக்கும் வரி வருவாயின் வாயிலாகவும், தொழிலாளர் தம் கூலியைச் செலவிடுவதன் வாயிலாகவும் ஏற்படும் பிணைப்புகளைப் பின்னர் 1970களில் அவர் இவற்றோடு சேர்த்தார். சுரங்கத் தொழிலில் முதலிரண்டு பிணைப்புகளும் வலுக்குறைந்தவை என்பது அவரது கருத்து. சுரங்கம் ஒரு தீவு போன்றது. சுற்றியுள்ள நாட்டோடு அதற்கு உறவு குறைவு. ஸாம்பியாவின் வரலாறு இக்கருத்தைப் பெரும்பாலும் மெய்ப்பிக்கிறது எனலாம். ஆயினும் சில இடங்களில் அதற்கு மாறாகவும் அமைந்துள்ளது. அவ்விடங்களே கூர்ந்து நோக்கத்தக்கவை.

ரயில் வந்தது, உழவு மாறியது

விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அருகே ஸாம்பெஸி ஆற்றின் மேல் 1905ஆம் ஆண்டில் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ரயில் பாதை புரோக்கன் ஹில் என்ற ஈய, துத்தநாகச் சுரங்கத்தை எட்டியது. 1909ஆம் ஆண்டில் அது காங்கோ எல்லையைத் தொட்டது. செம்பு வட்டாரத்தின் பெரிய சுரங்கங்கள் இதற்குப் பின்னர் 1920களின் இறுதியிலும் 1930களிலும் தோன்றியவையாகும். நிலத்தின் மேற்பரப்பில் தெரிந்த பச்சை நிறத் தாதுவுக்குக் கீழே, மிகுந்த ஆழத்தில் கந்தகம் கலந்த செம்புத் தாது பெருமளவில் இருப்பது அப்போதுதான் தெளிவாயிற்று. தாதுவைப் பொடியாக்கி நீரில் கலக்கிக் காற்றுக் குமிழிகளை ஊட்டினால், செம்புத் துகள்கள் நுரையோடு மேலே மிதந்து வரும். மிதப்பு முறை எனப்படும் இவ்வுத்தி பரவியிராவிட்டால், நூறு பங்கு பாறையில் இரண்டு மூன்று பங்கே செம்பு உள்ள அத்தாது தோண்டுவதற்குரிய மதிப்பைப் பெற்றிராது.

சுரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தால் அவர்களுக்கு உணவு வேண்டும். மக்காச்சோள மாவில் களி கிண்டி உண்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே சுரங்கத்தின் பின்னோக்கிய பிணைப்பு முதன்முதலில் எட்டியது யந்திரசாலையை அன்று, உழவனின் கொல்லையையே. ரயில் பாதையின் இருபுறத்திலும் நல்ல நிலங்கள் ஐரோப்பியக் குடியேற்றக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவர்களுக்குப் பக்கத்திலேயே, தென் மாகாணத்தின் தோங்கா இன உழவர்களும் கலப்பையையும் எருதுகளையும் கைக்கொண்டு சந்தைக்காகச் சோளம் பயிரிடலாயினர். அவர்கள் மலிவாக விளைவித்தது குடியேற்றக்காரர்களுக்கு உவப்பாக இல்லை. 1936ஆம் ஆண்டில் சோளக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்று நிறுவப்பட்டு, உள்நாட்டுச் சந்தையில் முக்கால் பங்கு ஐரோப்பிய விளைச்சலுக்கு என வரையறுக்கப்பட்டது. பிணைப்பு ஏற்பட்டது உண்மையே. அதன் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பதைச் சட்டம் முடிவு செய்தது.

ரயில் பாதையிலிருந்து வெகு தொலைவிலுள்ள வட மாகாணத்துப் பெம்பா நாட்டில் நேர்ந்தது வேறு. அங்கிருந்து சுரங்கத்துக்குச் சென்றது தானியம் அன்று, ஆட்களே. பெம்பா மக்களின் பழைய வேளாண்மை முறைக்குச் சித்திமேனே என்று பெயர். காட்டு மரங்களின் மேல் ஏறிக் கிளைகளை மட்டும் வெட்டி, அவற்றை நடுவில் குவித்து எரித்து, அந்தச் சாம்பல் பரப்பில் கேழ்வரகு விதைப்பது அம்முறையாகும். மரமேறிக் கிளை தறிப்பது இளைஞர்களின் வேலை. ஆட்ரி ரிச்சர்ட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் 1930களில் அங்குத் தங்கி ஆராய்ந்தபோது, பல கிராமங்களில் ஆண்களில் பாதியளவினர் சுரங்க வேலைக்குச் சென்றிருக்கக் கண்டார். கிளை வெட்ட ஆளின்மையால் சாம்பற் கொல்லைகள் சுருங்கி, பசி தலைகாட்டியதாக 1939ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அவர் எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே வட்டாரத்தை மறுபடி ஆராய்ந்தவர்கள் இம்முடிவைச் சற்றுத் திருத்தினர். பெண்கள் மரவள்ளி போன்ற வேறு பயிர்களை நாடியும், உறவினரின் உழைப்பைத் திரட்டியும் குடும்பத்தைக் காத்தனர். திரும்பி வந்த ஆண்கள் கொணர்ந்த பணமும் உழவில் செலவாயிற்று. ஒரே பிணைப்பு ஒரு தலைமுறையில் இழப்பாகவும் மறு தலைமுறையில் முதலாகவும் தோற்றமளிப்பதைக் கிராமங்களில் பணிபுரிவோர் தம் அனுபவத்தாலும் உணர்வர்.

நிலக்கரி, மரம், மின்சாரம், மீன்

தாதுவை உருக்க எரிபொருள் தேவை. தென் ரொடீஷியாவின் வாங்கி நிலக்கரிச் சுரங்கமே இதற்கு ஆதாரமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரயில் வண்டிகள் போதாமையால் நிலக்கரி வரத்துக் குறைந்தபோது, சுரங்கங்களின் மின் நிலையங்கள் விறகை எரித்தன. நகரங்களைச் சுற்றியிருந்த மியோம்போ காடுகள் பெரும் பரப்பில் வெட்டப்பட்டன. இக்காடுகள் மெதுவாக வளர்பவை. எனவே பின்னர் 1960களில் அரசாங்கம் பைன் மரத்தையும் தைல மரத்தையும் தோப்புகளாக வளர்க்கத் தொடங்கியது. சுரங்கத்துக்கு வேண்டிய மரத்தைத் தருவதே அதன் முதல் நோக்கம். செம்பு வட்டாரத்தின் இத்தோப்புகள் நாளடைவில் ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் அளவுக்கு விரிந்தன. இன்று அவற்றிலிருந்து வீடு கட்டும் மரமும் மின்கம்பங்களும் கிடைக்கின்றன.

இதனினும் பெரிய பிணைப்பு கரிபா அணை. செம்பு வட்டாரத்தின் மின் தேவையை முன்னிட்டே ஸாம்பெஸி ஆற்றில் இவ்வணை திட்டமிடப்பட்டது. உலக வங்கி 1956ஆம் ஆண்டில் 8 கோடி டாலர் கடன் அளித்தது. செம்புக் கம்பெனிகளும் கடன் கொடுத்தன. 1959ஆம் ஆண்டில் அணை முடிவுற்றபோது, இரு கரைகளிலுமிருந்து ஏறத்தாழ 57,000 தோங்கா மக்கள் தம் ஆற்றங்கரை வயல்களை விட்டு மேட்டு நிலத்துக்குப் பெயர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய புதிய கிராமங்களில் பலவற்றுக்கு நெடுங்காலம் மின்சாரமே எட்டவில்லை. கம்பிகள் அவர்கள் தலைக்கு மேலே வடக்கு நோக்கிச் சென்றன.

திட்டமிட்ட எவரும் எதிர்பாராத மற்றொரு பயனும் இங்கு விளைந்தது. தங்கனீக்கா ஏரியிலிருந்து கபெந்தா என்னும் சிறு மீன் 1967, 1968ஆம் ஆண்டுகளில் கொணரப்பட்டுக் கரிபா ஏரியில் விடப்பட்டது. ஆழ்ந்த நீரில் அது பல்கிப் பெருகிற்று. இரவில் விளக்கொளி காட்டி வலையால் பிடித்து, வெயிலில் உலர்த்தி மூட்டையாகக் கட்டி நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். நம் நாட்டு நெத்திலிக் கருவாட்டை ஒத்த இம்மீன் சுரங்கத் தொழிலாளர் வீட்டுக் களிக்கு மலிவான துணையாயிற்று. சுரங்கம் அணையைக் கேட்டது. அணை ஏரியைத் தந்தது. ஏரியின் மீன் சுரங்க நகருக்குத் திரும்பியது. எந்தக் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கிலும் இப்பிணைப்பு எழுதப்பட்டதில்லை.

நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைச் சுரங்கங்களே இன்றும் உட்கொள்கின்றன. சிங்கோலாவுக்கு வடக்கேயுள்ள கொங்கோலா சுரங்கம் உலகின் மிக ஈரமான சுரங்கங்களுள் ஒன்று. அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கன மீட்டர் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் சுரங்கம் மூழ்கும். 2024ஆம் ஆண்டில் மழை பொய்த்துக் கரிபா ஏரி வற்றியபோது சோளமும் காய்ந்தது, மின்சாரமும் அற்றது. நகரங்களில் நாளின் பெரும்பகுதி விளக்கெரியவில்லை. உழவும் சுரங்கமும் ஒரே ஆற்றை நம்பியுள்ளன என்பதை அவ்வாண்டு புலப்படுத்தியது.

எல்லை மூடியபோது

1964ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஸாம்பியா விடுதலை பெற்றது. அந்நாள் வரையில் தாதுவின் மீதான உரிமைத் தொகை பிரிட்டிஷ் தென் ஆப்பிரிக்கக் கம்பெனியைச் சேர்ந்தது. நாட்டின் ஏற்றுமதியில் 90 சதவிகிதத்துக்கு மேல் செம்பாக இருந்தும், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 100 பேரே இருந்தனர். அடுத்த ஆண்டு நவம்பரில் தென் ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சி பிரிட்டனிலிருந்து தன்னிச்சையாகப் பிரிந்து நின்றது. ஸாம்பியாவின் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம், ரயில் ஆகிய அனைத்தும் அந்நாட்டின் வழியாகவே வந்தன. கரிபாவின் மின் நிலையம்கூட ஆற்றின் தென்கரையில் அமைந்திருந்தது.

இவ்வாறு நெருக்குண்ட அரசாங்கம் பத்தாண்டுகளுக்குள் செய்து முடித்தவை வியப்பைத் தருவன. கரிபா ஏரிக்கு அருகே மாம்பா என்னுமிடத்தில் சொந்த நிலக்கரிச் சுரங்கம் திறக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டில் தார்-எஸ்-ஸலாம் துறைமுகத்திலிருந்து இண்டோலா வரை எண்ணெய்க் குழாய் இடப்பட்டது. காஃபூவே பள்ளத்தாக்கில் புது மின் நிலையம் எழுந்தது. சீன அரசாங்கத்தின் உதவியுடன் 1970 முதல் 1975 வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை தான்ஸானியாவின் கடற்கரை வரை அமைக்கப்பட்டது. காஃபூவே நகரில் தொடங்கப்பட்ட நைட்ரஜன் தொழிற்சாலை மாம்பா நிலக்கரியை வாயுவாக்கி அம்மோனியம் நைட்ரேட் செய்தது. இவ்வுப்பு சோளப் பயிருக்கு உரம். சுரங்கப் பாறைக்கு வெடிமருந்து. ஒரே கொப்பரையில் வடித்த பொருள் கொல்லைக்கும் சுரங்கத்துக்கும் பயன்பட்ட இவ்வுதாரணத்தை இரசாயன ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

இத்தகைய பின்னோக்கிய பிணைப்புகளைச் சந்தை தோற்றுவிக்கவில்லை, முற்றுகையே தோற்றுவித்தது. அதனால் அவற்றின் செலவும் மிகுதி. மாம்பா நிலக்கரி வாங்கி நிலக்கரியினும் தரம் குறைந்தது. நைட்ரஜன் தொழிற்சாலையின் உரம் இறக்குமதி உரத்தோடு விலையில் போட்டியிட இயலாமல் தவித்தது. செம்பு விலை உயர்ந்திருந்த வரையில் இக்குறைகள் கண்ணுக்குப் படவில்லை.

கம்பியாக்கி விற்றால் என்ன?

தாதுவை விற்பதைவிட உலோகத்தை விற்பதும், உலோகத்தை விற்பதைவிடக் கம்பியை விற்பதும் இலாபமன்றோ என்று மாணவர் வினவுவர். ஆல்ஃபிரட் வேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில் இடவமைவுக் கொள்கையில் இதற்கு ஒரு பகுதி விடை உண்டு. இரண்டு சதவிகிதச் செம்புள்ள தாதுவில் ஒரு டன் உலோகம் பெற 50 டன் பாறையை அரைக்க வேண்டும். மிதப்பு முறையில் கிடைக்கும் செறிதாதுவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே செம்பு. எனவே எடை பெரிதும் குறையும் வேலைகளைச் சுரங்கத்தின் வாயிலிலேயே செய்வது இயல்பு. ஸாம்பியாவில் உருக்காலைகளும் மின்பகுப்புச் சாலைகளும் தொடக்க காலத்திலேயே அமைந்தமைக்கு இதுவே காரணம். ஆனால் தூய செம்பைக் கம்பியாக்கும்போது எடை குறைவதில்லை. தகடுகளை அடுக்கிக் கட்டி அனுப்புவது எளிது. கம்பிச் சுருளும் மின்வடமும் இடத்தை அடைப்பவை, வழியில் பழுதடைபவை. அஃதன்றி, மின்வடத்தின் பருமனும் உறையும் ஒவ்வொரு நாட்டு அளவீட்டு விதிக்கும் ஏற்ப வேறுபடும். ஆகவே கம்பித் தொழிற்சாலை வாங்குவோரின் அருகே இருக்கவே விரும்பும். லுவான்ஷா நகரில் 1960களின் இறுதியில் தோன்றிய கம்பி, மின்வடத் தொழிற்சாலை இன்றளவும் நடைபெறுகிறது. அண்டை நாடுகளுக்கும் விற்கிறது. ஆயினும் நாட்டுச் செம்பில் மிகச் சிறு பகுதியே அதன் வழியாகச் செல்கிறது. இது நிர்வாகத்தின் குறையன்று, பொருளின் இயல்பு.

உண்மையில், செம்பைவிட அதன் கழிவுக்கே அங்கு முன்னோக்கிய பிணைப்பு வலுவாக அமைந்துவிட்டது எனலாம். சால்கோபைரைட் என்னும் தாதுவில் செம்பும் கந்தகமும் எடையில் ஏறத்தாழ சமம். எனவே அத்தாதுவிலிருந்து ஒரு டன் செம்பு எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு டன் கந்தகம் வாயுவாகப் பிரிகிறது. முற்காலத்தில் அவ்வாயு புகைபோக்கி வழியே வெளியேறி, காற்று வீசும் திசையிலிருந்த வீட்டுத் தோட்டங்களைக் கருக்கியது. அதனைப் பிடித்து அமிலமாக்கினால் ஏறக்குறைய மூன்று டன் கந்தக அமிலம் கிடைக்கும். சிங்கோலா, முஃபுலிரா, சாம்பிஷி, கன்ஸான்ஷி ஆகிய இடங்களின் உருக்காலைகள் இன்று அவ்வாறே செய்கின்றன. உருக்க இயலாத பச்சைத் தாதுவிலிருந்தும், பழைய கழிவுக் குவியல்களிலிருந்தும் இவ்வமிலத்தைக் கொண்டு செம்பைக் கரைத்தெடுக்கிறார்கள். எல்லைக்கு அப்பாலுள்ள காங்கோச் சுரங்கங்களும் இதனை விலைக்கு வாங்குகின்றன. ஒரு காலத்தில் நஞ்சாக இருந்தது சரக்காயிற்று.

சரக்கு மறுபடியும் நஞ்சாவதும் உண்டு. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், சாம்பிஷி அருகே அமிலக் கழிவைத் தேக்கியிருந்த அணைக்கட்டு ஒன்று உடைந்து, கழிவு நீர் ஓடை வழியாகக் காஃபூவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கரையோரச் சோளக் கொல்லைகள் பாழாயின. கிட்வே நகரத்தின் குடிநீர் வழங்கல் நிறுத்தப்பட்டது. அமிலத்தை நடுநிலையாக்கும் பொருட்டு விமானத்திலிருந்தும் படகுகளிலிருந்தும் ஆற்றில் சுண்ணாம்பு கொட்டப்பட்டது. நாட்டு மக்களில் பெரும் பகுதியினர் அந்த ஆற்றின் படுகையில் வாழ்கின்றனர்.

கருவூலத்தின் வழியே

சுரங்கத்தையும் நாட்டையும் இணைத்த பிணைப்புகளில் மிகப் பெரியது அரசாங்கக் கருவூலமேயாகும். 1966ஆம் ஆண்டில் ஸாம்பியாப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, கிராம மக்கள் பணம் இல்லாத நிலையில் சோளமும் கோழியும் மாடும் நன்கொடையாகக் கொடுத்தனர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. 1969ஆம் ஆண்டில் சுரங்கங்களின் 51 சதவிகிதப் பங்குகளை அரசாங்கம் ஏற்பதாக ஜனாதிபதி கௌண்டா அறிவித்தார். அவ்வாண்டில் உற்பத்தி 7 இலட்சம் டன்னைத் தாண்டியிருந்தது.

1974ஆம் ஆண்டின் முற்பகுதியில் லண்டன் சந்தையில் செம்பு விலை உச்சத்தைத் தொட்டது. 1975ஆம் ஆண்டில் அது அவ்வுச்சத்தில் பாதிக்கும் கீழே கிடந்தது. எண்ணெய் விலையோ ஏறி நின்றது. இறக்கம் தற்காலிகமானது என்று நம்பி அரசாங்கம் கடன் வாங்கியது; உலக வங்கி முதலிய நிறுவனங்களின் நிபுணர்களும் விலை மீளும் என்றே எண்ணினர். கால் நூற்றாண்டுக் காலம் அது சரிவர மீளவில்லை. இதற்கிடையே நாடு முழுவதும் சோளத்துக்கு ஒரே கொள்முதல் விலை, நகரத்தாருக்கு மலிவு விலையில் மாவு, உழவருக்கு மானிய உரம் என்ற ஏற்பாடுகள் செம்பு வருவாயை நம்பி நடந்தன. சாலையற்ற தொலைவிலும் சோளம் பயிரிடுவது இலாபகரமாயிற்று. கேழ்வரகும் மரவள்ளியும் பின்தள்ளப்பட்டன. 1986ஆம் ஆண்டு டிசம்பரில் மாவு மானியம் குறைக்கப்பட்டு விலை இருமடங்குக்கு மேல் ஏறியதும், கிட்வேயிலும் இண்டோலாவிலும் கலவரம் மூண்டது. பலர் உயிரிழந்தனர், மானியம் மீட்கப்பட்டது. லண்டன் சந்தையின் விலைப் பலகைக்கும் கிட்வே நகரத்துச் சமையலறைக்கும் இடையிலிருந்த கயிறு அன்று எல்லார் கண்ணிலும் பட்டது.

விலை இறங்கும்போது மட்டுமன்று, ஏறும்போதும் இடர் உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் செம்பு விலை பாய்ந்து ஏறியது, வெளிக்கடன்களும் தள்ளுபடியாயின. அதனால் ஸாம்பிய நாணயமான குவாச்சாவின் மதிப்பு விரைந்து உயர்ந்தது. ஐரோப்பாவுக்கு ரோஜா மலரும் காய்கறியும் அனுப்பிய தோட்டக்காரர்களுக்கு அதே யூரோவுக்குக் குறைவான குவாச்சா கிடைத்தது. கூலியும் உரமும் குறையவில்லை. பல தோட்டங்கள் நட்டமடைந்தன. நெதர்லாந்து நாட்டில் இயற்கை வாயு கிடைத்தபின் அதன் ஆலைத் தொழில்கள் நலிந்ததை வைத்து 1977ஆம் ஆண்டில் டச்சு நோய் என்று இதற்குப் பெயரிட்டனர். உழைத்து வளர்த்த ஒரு தொழிலைப் பக்கத்து வீட்டுப் புதையல் கெடுக்கும் விந்தை இது.

தெற்கே உள்ள போட்ஸ்வானா இவ்வகையில் வேறு வழி சென்றது. 1966ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபோது அது மாட்டிறைச்சியை நம்பிய வறண்ட நாடு. மறு ஆண்டில் ஒராபா என்னுமிடத்தில் வைரம் கிடைத்தது. அதே 1967ஆம் ஆண்டிலேயே கனிப்பொருள் உரிமை குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டில் சுரங்கக் கம்பெனியில் அரசின் பங்கு பாதியாக உயர்ந்தது. வருவாயின் ஒரு பகுதி வெளிநாட்டுச் சேமிப்பு நிதியாக ஒதுக்கப்பட்டது. எஞ்சியது பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றுக்கே என்ற நெறி பெரும்பாலும் காக்கப்பட்டது. வைரத்துக்கு எடைக் கணக்கு பொருந்தாது. ஒரு பையில் அடங்கும் கல் உலகின் எம்மூலைக்கும் செல்லும். கைத்திறனும் கூலியும் நோக்கி அது நம் நாட்டுச் சூரத் நகருக்கே வந்து சேர்ந்தது. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கையில், பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவில் தீட்டப்படுவன. போட்ஸ்வானா தன் சுரங்க உரிமத்தைப் புதுப்பிக்கும் தருணத்தைப் பயன்படுத்தி, தரம் பிரிக்கும் பணியை 2008ஆம் ஆண்டிலும் விற்பனையை 2013ஆம் ஆண்டிலும் லண்டனிலிருந்து தன் தலைநகர் கபரோனேவுக்குக் கொணர்ந்தது. சூரத் வணிகர்கள் சிலரும் அங்குப் பட்டறை திறந்தனர். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் வைரம் மலிந்து பெருகவே, விலை சரிந்து, 2024ஆம் ஆண்டில் போட்ஸ்வானாவின் தேசிய உற்பத்தி குறைந்தது. அச்செயற்கை வைரத்தில் பெரும் பங்கு உற்பத்தியாகும் இடங்களுள் ஒன்று சூரத்தேயாகும்.

சுரங்கம் கைமாறியபின்

ஸாம்பியாவின் செம்பு உற்பத்தி 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டன்னாகச் சுருங்கிற்று. 1997 முதல் 2000 வரை சுரங்கங்கள் பகுதி பகுதியாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. புதிய முதலீடு வந்தது. வடமேற்கு மாகாணத்தில் புதுச் சுரங்கங்கள் தோன்றின. உற்பத்தி மீண்டும் 7 இலட்சம் டன்னைக் கடந்தது. ஆனால் 1970களில் சுமார் 60,000 பேருக்கு வேலையளித்த தொழில், 2000ஆம் ஆண்டில் அதில் பாதிக்கும் குறைந்தவர்களையே வைத்திருந்தது. முன்னைய அரசாங்கக் கம்பெனி தன் தொழிலாளருக்கு வீடு, மருத்துவமனை, பள்ளி, விளையாட்டரங்கு, குப்பை வண்டி வரை அனைத்தையும் நடத்தியது. புதிய முதலாளிகள் அவற்றில் பலவற்றை ஏற்கவில்லை. குடியிருந்தோருக்கே வீடுகள் விற்கப்பட்டன. வேலையிழந்த பலருக்கு அந்த வீடும், அதன் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியுமே ஓய்வூதியமாயின.

உள்ளூர்ப் பட்டறைகளின் நிலையும் மாறிற்று. இறக்குமதி கடினமாயிருந்த காலத்தில் வார்ப்படம், பம்பு உறுப்பு, காலணி, வேலையுடை எனப் பல பொருள்களை அவை செய்து கொடுத்தன. வரிகள் தளர்ந்தபின், தென் ஆப்பிரிக்காவிலிருந்து சரக்கை வாங்கி மறு விலைக்கு விற்கும் முகவர்கள் அவ்விடத்தைப் பிடித்தனர். கணக்கேட்டில் இவர்களும் உள்நாட்டு வணிகர்களே. உள்நாட்டில் வாங்கிய சரக்கு என்று சுரங்கங்கள் காட்டும் தொகைக்கும், உள்நாட்டில் செய்யப்பட்ட சரக்கின் தொகைக்கும் உள்ள இடைவெளியை உணராமல் பிணைப்பை அளப்பது பயனற்றது.

முதன்முதலில் ரயில் சென்று சேர்ந்த புரோக்கன் ஹில் இன்று காப்வே என வழங்குகிறது. 1921ஆம் ஆண்டில் அங்குத் தாது வெட்டியபோது கிடைத்த தொன்மையான மனித மண்டையோடு விஞ்ஞான உலகில் புகழ்பெற்றது. லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அதனைத் திருப்பித் தருமாறு ஸாம்பியா கேட்டு வருகிறது. சுரங்கம் 1994ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கசடு மலைகள் அங்கேயே நிற்கின்றன. வறண்ட மாதங்களில் அவற்றின் மேலிருந்து காற்று வாரி வரும் தூசியில் ஈயம் கலந்துள்ளது. மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளின் உடலில் அது சேர்கிறது. அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. உலக வங்கியின் நிதியுதவியுடன் குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, சில வீட்டு முற்றங்களில் ஈய மண்ணை அகற்றி நல்ல மண் பரப்பப்பட்டது. சிறு சுரங்கக்காரர்களோ அந்தக் கசடு மலைகளிலேயே எஞ்சிய தாதுவைத் தேடி இன்னும் தோண்டுகின்றனர். பரப்பிய நல்ல மண்ணின் மேல் அடுத்த வறண்ட பருவத்தில் மீண்டும் தூசி படிகிறது.